பெருங்களத்தூர் காரும் ஃபெர்குசன் டிராக்டரும்

நவரை அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் வீடு வந்து சேர்ந்தாச்சு. கழனியில வேலை குறைவா இருக்குற இந்த ரெண்டு வாரத்துலதான் எனக்கு ஊர்க்கதை எழுத நேரம் கிடைக்கும். இந்தத் தடவை நெல்லைப் பத்தியோ ஏரியைப் பத்தியோ எழுதல. ஒரு காரைப் பத்தி எழுதறேன். காருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்காதீங்க. கொஞ்ச தூரம் போனா டிராக்டர் வந்துரும்.

போன மாசம் மில்லுக்கார வீட்டுப் பெரியம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. மண்ணிவாக்கம் தாண்டி எங்க ஊருக்குள்ள நுழையறப்ப இடது கைப்பக்கம் ஓடு போட்ட பழைய ரைஸ் மில் இருக்கு. மில் நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த மில் கொட்டாயில தார்ப்பாய் போட்டு மூடி ஒரு கார் நிக்குது. பெரியப்பா இருந்த வரைக்கும் அதை யாரையும் தொட விடல. அவர் போய் மூணு வருஷம் ஆகுது. இப்ப மகன் இடத்தைக் காலி பண்ணி குடோன் வாடகைக்கு விடணும்ங்கறான். நியாயம்தான், இன்னைக்கு எங்க பக்கம் நிலத்தை விட குடோனுக்குத்தான் மதிப்பு. காயலான் கடைக்காரர் வந்து பார்த்துட்டு எடைக்கு முப்பதாயிரம் சொல்லிட்டுப் போயிருக்கார்.

"எடைக்குப் போடறதுக்கு முன்னால உங்க சித்தப்பா ஒரு தடவை பார்க்கட்டும்பா. அவரு கையால செஞ்ச வண்டியாச்சே" அப்படின்னாங்க பெரியம்மா.

தார்ப்பாயை விலக்கினா நீளமான மூக்கு, சரிஞ்ச முதுகு, பின்பக்கம் மேல தூக்கற அஞ்சாவது கதவு. ஸ்டாண்டர்டு 2000. 1986 மாடல். முப்பது வயசுக்குக் கீழ இருக்குறவங்க இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீங்க. ஆனா தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல போற ஒவ்வொரு தடவையும் இந்தக் கார் பிறந்த இடத்தைத் தாண்டித்தான் போறீங்க.

கேட்வேக்கு முன்னாடி

பெருங்களத்தூர்ல இன்னைக்கு ஸ்ரீராம் கேட்வேன்னு கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிக்குதே, அங்கதான் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியோட தொழிற்சாலை இருந்துச்சு. 1948-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மதராஸ் யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வான்கார்டு என்ற பெரிய காரை இங்கே பூட்டி விற்றார்கள். அப்புறம் ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று சின்ன கார்கள். 1961-ல் ஹெரால்டு. 1972-ல் அதையே கொஞ்சம் மாற்றி கெஸல்.

அந்தக் காலத்துல இந்தியாவுல கார்னாலே மூணு பேர்தான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், நம்ம மதராஸ்ல ஸ்டாண்டர்டு. மூணுல ஒண்ணு நம்ம பெருங்களத்தூர் மண்ணுல இருந்து ஓடிச்சுங்கறது இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. முடிச்சூர், மண்ணிவாக்கம், வண்டலூர், ஊரப்பாக்கம்னு சுத்துப்பட்டு ஊர்ல இருந்து ஆளுங்க சைக்கிள் மிதிச்சு ஷிஃப்டுக்குப் போவாங்க. எங்க சித்தப்பா 1972-ல கெஸல் வந்த வருஷம் ஃபிட்டரா சேர்ந்தார், இருபது வயசு. நைனா கழனியைப் பார்த்துக்கிட்டார், சித்தப்பா கம்பெனிக்குப் போனார். வீட்டுக்கு மாசச் சம்பளம்னு முதல் தடவையா வந்தது அப்பதான்.

ஹெரால்டைப் பத்தி சித்தப்பா இன்னைக்கும் ஒரு பாடம் சொல்வார். அந்தக் காரோட முன் சக்கரத்தைத் திருப்பற இடத்துல ட்ரனியன்னு ஒரு பாகம் இருக்கும். பித்தளைல மரை வெட்டி, செங்குத்தான தண்டு அதுக்குள்ள சுத்தும். அதுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கியர் ஆயில்தான் ஊத்தணும். கிரீஸ் அடிச்சா மரைக்குள்ள முழுசாப் போய்ச் சேராது, கீழ்ப்பகுதி காய்ஞ்சு தேய்ஞ்சு ஒரு நாள் தண்டு முறிஞ்சு சக்கரம் மடங்கிக்கும். "கிரீஸ் கன்னைத் தூக்கிட்டு வந்தவன்லாம் மெக்கானிக்குன்னு நினைச்சதால எத்தனை ஹெரால்டு ரோட்டுல படுத்துச்சு தெரியுமா"ம்பார். அஞ்சு ரூபா எண்ணெய்ல தீர வேண்டியது ஐநூறு ரூபா செலவுல முடியும். வண்டி மேலயும் தப்பில்ல, அதைப் பராமரிக்கிற முறை ஊருக்குள்ள வந்து சேரலங்கறதுதான் தப்பு. இந்தப் பாடத்தை மனசுல வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் உதவும்.

1977-ல் கெஸல் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எட்டு வருஷம் வேன் மாதிரியான சரக்கு வண்டிகளை வெச்சுத்தான் கம்பெனி ஓடிச்சு. 1985-ல் மறுபடி கார் செய்ய வந்தாங்க. இந்தத் தடவை சின்னக் கார் இல்ல, ராஜா வண்டி.

ஒரே வயித்துல பிறந்த காரும் டிராக்டரும்

இங்க கொஞ்சம் பின்னால போகணும். இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் புது மாதிரி டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் செய்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனியை நடத்திய ஜான் பிளாக்கிடம் போருக்காகக் கட்டிய பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. இருவரும் கை கோத்தார்கள். 1946-லிருந்து டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் அங்கிருந்து வர ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டர்களில்தான்.

நாம இன்னைக்கு டிராக்டர் பின்னால கல்டிவேட்டர், ரோட்டவேட்டர்னு மாட்டறோமே, மூணு புள்ளியில பிடிச்சு ஹைட்ராலிக்ல தூக்கற அந்த அமைப்பு ஃபெர்குசனோடதுதான். உலகத்துல எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும் பின்னால நிக்கிறது அவர் மூளை.

முதலில் அந்த டிராக்டருக்கு அமெரிக்க இன்ஜின் போட்டார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனி தன் புதுக் காரான வான்கார்டுக்கு ஒரு இன்ஜின் உருவாக்கியதும், அந்தக் குடும்பத்து இன்ஜினையே டிராக்டருக்கும் போட்டார்கள். நாலு சிலிண்டர், கழற்றி மாட்டக்கூடிய லைனர். சிலிண்டர் அகலத்தை மட்டும் மாற்றி மாற்றி வேலைக்குத் தகுந்த அளவு செய்துகொண்டார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 92 மில்லி மீட்டர். அகலம் 85 மில்லி வைத்தால் 2088 சி.சி., 83 மில்லி வைத்தால் 1991 சி.சி. இந்த 1991 சி.சி. அளவில்தான் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற விளையாட்டுக் காருக்கும் போட்டார்கள். 1953-ல் அதைத் தயார்படுத்தி ஓட்டியபோது மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டியது. அதனால் மட்டமான இன்ஜின் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சேற்றிலும் உழைத்தது, பந்தயத்திலும் ஓடியது.

காலம் போனது. கோவென்ட்ரி ஸ்டாண்டர்டை லேலண்டு வாங்கியது. 1968-ல் அது பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெரிய குடும்பமானது. அந்தக் குடும்பத்தில் ரோவர் ஒரு பிள்ளை. ரோவர் எஸ்.டி.1 என்ற கார் 1976-ல் வந்து, அடுத்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டமும் வாங்கியது. உள்ளே மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். அங்கே அதன் காலம் முடியும் நேரத்தில், பழைய உறவில் அந்த உடம்பு பெருங்களத்தூருக்கு வந்தது.

ராஜா உடம்பு, உழவு நெஞ்சு

உடம்பு வந்தது, வி8 வரல. நம்ம ஊரு பெட்ரோல் விலைக்கு அது ஆகவும் ஆகாது. அப்ப என்ன இன்ஜின் போடறது? கம்பெனிக்குத் தெரிஞ்ச, செய்யத் தெரிஞ்ச இன்ஜின், அதே வான்கார்டு குடும்பத்து 1991 சி.சி. கார்புரேட்டர், மேல்மூடி, காத்து போற குழாய்னு மாத்தி, சுமார் 83 குதிரைத்திறனுக்குக் கொண்டு வந்தாங்க. நம்ம ரோட்டுக்காக வண்டியையும் கொஞ்சம் உயரத் தூக்கினாங்க.

அந்தச் சமயத்துல மத்தவங்க என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா வித்தியாசம் புரியும். 1983 கடைசியில மாருதி 800 வந்தாச்சு, முழுக்க ஜப்பான் வண்டி. பம்பாய்ல பிரீமியர் கம்பெனி 118 என்.இ.-க்கு ஐரோப்பிய உடம்போட நிஸான் இன்ஜின் போட்டாங்க. கான்டெஸாவுக்கும் கொஞ்ச வருஷத்துல இசுஸு இன்ஜின் வந்துச்சு. உடம்பு பழசானாலும் நெஞ்சைப் புதுசா மாத்திக்கிட்டாங்க. பெருங்களத்தூர்ல மட்டும் அது தலைகீழ். உடம்பு புதுசு, நெஞ்சு 1947.

அதே 1985-லதான் வண்டலூர்ல உயிரியல் பூங்காவும் திறந்தாங்க. எங்க ஊர் சனங்களுக்கு அந்த வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டுல ரெண்டு வேடிக்கை. ஒண்ணு புலி, இன்னொண்ணு கேட்டைத் தாண்டி வெளிய வர்ற இந்தக் கார். நான் பள்ளிக்கூடப் பையன். சித்தப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் ரோட்டோரமா நிக்க வெச்சு, "அதுல லைனர் இறக்கினது நானு"ன்னு காட்டினார்.

காரோட விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும், அந்தப் பெரிய உடம்பை இழுக்க 83 குதிரை போதல. 1988-ல் உற்பத்தி நின்னுபோச்சு. மூணே வருஷம். சித்தப்பா ஊருக்குத் திரும்பி வந்து, புளியமரத்தடியில டிராக்டர் ரிப்பேர் கடை போட்டார். "அங்க செஞ்ச வேலைதான்டா இங்கயும். உடம்புதான் வேற"ன்னு அன்னைக்கே சொன்னார்.

உறைகிணறு மாதிரி ஒரு இன்ஜின்

இனி ரிப்பேர் கதை. இந்த இன்ஜினை ஒரு விவசாயிக்குப் புரிய வைக்கறது சுலபம். நம்ம ஊர்ல மணல் பாங்கான இடத்துல உறைகிணறு இறக்குவாங்க இல்ல, அந்த உறை மாதிரிதான் லைனர். வித்தியாசம் என்னன்னா உறைக்கு உள்பக்கம் தண்ணி, லைனருக்கு வெளிப்பக்கம் தண்ணி. ரேடியேட்டர் தண்ணி லைனரைச் சுத்தி நேரா தொட்டுக்கிட்டு நிக்கும். உள்ள பிஸ்டன் ஓடும். அடியில எட்டு மாதிரி வளைஞ்ச மெல்லிசு கேஸ்கெட், ரெண்டு லைனருக்கு ஒண்ணு. மேல ஹெட் கேஸ்கெட். இந்த ரெண்டும்தான் தண்ணிக்கும் ஆயிலுக்கும் நடுவுல நிக்கற வரப்பு.

இதுல நல்லது என்னன்னா, சிலிண்டர் தேய்ஞ்சா பிளாக்கைத் தூக்கிப் போட வேணாம், லைனரை மட்டும் உருவிட்டு புதுசு இறக்கலாம். கழனியோரமாவே செய்யற வேலை. டிராக்டருக்கு வரம். கெட்டது என்னன்னா, லைனர் உட்காரணும்ங்கற உயரம். பிளாக் மட்டத்தை விட லைனர் ஒரு அங்குலத்துல ஆயிரத்துல மூணுல இருந்து அஞ்சு பங்கு மேல நிக்கணும். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். அதை விடத் தாழ்ந்தா ஹெட் கேஸ்கெட் அழுத்தாது, தண்ணி உள்ள போகும். நாலும் ஒரே மட்டத்துல இல்லேன்னாலும் அதே கதி. ஹெட்டைக் கழட்டின பிறகு லைனரைப் பிடிச்சு வைக்காம க்ராங்கைச் சுத்தினா லைனர் மேல எழும்பி, அடி கேஸ்கெட்டை விட்டு விலகிடும். அப்புறம் எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். தெரியாதவங்க கையில இந்த இன்ஜின் மறுபடி மறுபடி கேஸ்கெட் தின்னுறதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது தண்ணி. நம்ம தென் சென்னை போர் தண்ணியோட உப்பு உங்களுக்குத் தெரியாததா? பாத்திரத்துல வெள்ளையாப் படியற அதே படிவம் லைனரைச் சுத்தியும் படியும். துருவும் சேர்ந்து அடியில சேறாத் தங்கும். தண்ணி இருக்கும், ஆனா சூட்டை வாங்காது. வெயில் காலத்துல குரோம்பேட்டை சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னா ஊசி சிவப்புக்குப் போகும். எந்தப் பழைய வண்டி வெச்சிருந்தாலும் கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணி தவிர வேற ஊத்தாதீங்க. ஒண்ணுமே கிடைக்கலேன்னா மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துங்க.

மில்லுக்கார வீட்டு வண்டி நின்னதும் இதே தப்பாலதான். 1998 கத்திரி வெயில்ல டிரைவர் செங்கல்பட்டு போறப்ப ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருக்கு. பழைய ஹோஸ், மாத்த மறந்தது எங்க ஊர்க்காரங்கதான். அவர் துணியைச் சுத்தி, பக்கத்துக் கழனி பம்பு செட்ல தண்ணி பிடிச்சு ஊத்தி, கொதிக்கக் கொதிக்க வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டார். கொதிச்ச இன்ஜின்ல பச்சைத் தண்ணி. ஹெட் கேஸ்கெட் போச்சு, ஆயில் டீ நிறத்துக்கு வந்துச்சு. அன்னைக்கு மூடினதுதான் தார்ப்பாய்.

மத்த கோளாறெல்லாம் ஓடாம நின்ன வண்டிக்கே உரியது. பிரேக் சிலிண்டருங்க துருப்பிடிச்சு இறுகிடும். கார்புரேட்டர்ல பெட்ரோல் காய்ஞ்சு அரக்கு மாதிரி ஒட்டிக்கும். இப்ப பங்க்குல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அரிக்கும், அதனால குழாய் எல்லாத்தையும் இந்தக் காலத்து ரப்பருக்கு மாத்தியே ஆகணும். க்ராங்க் பின்பக்கம் இந்தக் குடும்பத்து இன்ஜின்ல ஆயில் சொட்டறது பழைய பழக்கம், அதுக்குப் பயப்பட வேணாம், அளவைப் பார்த்துக்கிட்டா போதும். உடம்புல துரு முதல்ல பிடிக்கிற இடம் கதவுக்குக் கீழ ஓடற சட்டமும் பின்கதவோட கீழ் ஓரமும். எலி ஒயரைக் கடிக்கறது நம்ம ஊர் விசேஷம்.

லிங்கனுக்குப் போன பெருங்களத்தூர் சாமான்

இதெல்லாம் தீர்க்க முடியாத நோய் இல்ல. அம்பாசடருக்கும் இதெல்லாம் வரும். ஆனா அம்பாசடர் 2014 வரைக்கும் உற்பத்தியில இருந்துச்சு, ஜி.பி. ரோட்டுல எந்தக் கடையிலயும் சாமான் கிடைச்சுது. ஸ்டாண்டர்டு 2000 மூணு வருஷத்துல அநாதை ஆயிடுச்சு. விளக்குக் கண்ணாடி, கதவுப் பூட்டு, ஸ்டியரிங் பாகம்னு எல்லாம் ரோவருக்கே உரிய சாமான். வேற வண்டியோடது பொருந்தாது. புதுப்பேட்டையில தேடி, கிடைச்சா வாங்கணும், இல்லேன்னா லேத்துல செய்யணும்.

தொழிற்சாலை மூடிக் கிடந்த காலத்துல உள்ள ஏராளமான புது சாமான் பயன்படுத்தாம அப்படியே கிடந்துச்சு. 2006 கடைசியில சொத்தை விற்றுத் தீர்த்தப்ப, அந்த ரோவர் சாமான் மொத்தத்தையும் இங்கிலாந்துல லிங்கன் நகரத்துப் பக்கம் பழைய காருக்கு சாமான் விக்கிற ரிம்மர் பிரதர்ஸ் கடைக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. அங்க எஸ்.டி.1 வெச்சிருக்கிற வெள்ளைக்காரங்களுக்கு அது புதையல். இன்னைக்கு பெருங்களத்தூர்ல இருந்து எட்டு கிலோமீட்டர்ல நிக்கிற இந்த வண்டிக்கு ஒரு பாகம் வேணும்னா, பெருங்களத்தூர்ல கிடந்த சாமானே கப்பலேறிப் போய், சுங்கம் கட்டித் திரும்பி வரணும். சித்தப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல.

கணக்கு

சித்தப்பாவுக்கு இப்ப எழுபத்து நாலு. ஸ்டூல் போட்டு உக்கார்ந்து, முதல்ல பிளாக் பக்கத்துல இருக்குற தண்ணி திறப்பானைத் திறக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரல. கம்பியை விட்டுக் குத்தினேன், சிவப்புச் சேறு கட்டி கட்டியா விழுந்துச்சு. பிளக் நாலையும் கழட்டி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற விட்டோம். மூணு நாள் தண்டைத் திருப்பிப் பார்த்தேன், அசையல. அஞ்சாம் நாள் காலையில நீளமான கம்பி போட்டு அழுத்தினேன், ஒரு விரக்கடை திரும்பிச்சு. "இரு, இரு, வேகமாச் சுத்தாத"ன்னு சித்தப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் கை நடுங்கிச்சு.

தாம்பரம், புதுப்பேட்டை, அம்பத்தூர்னு அலைஞ்சு விலை கேட்டேன். எனக்குச் சொன்ன கணக்கை அப்படியே எழுதறேன், உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா உதவும். ரேடியேட்டருக்குப் புது கோர் 14,000. லைனர், பிஸ்டன் நாலு செட் இங்கயே வார்த்துக் கடைஞ்சா 30,000. அகலம் 83 மில்லிங்கறதால டி.ஆர். கார் செட்டை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம், ஆனா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆகும், அளந்து பார்க்காம நம்பவும் கூடாது. கேஸ்கெட் வகை 3,500. லேத் வேலை 12,000. இன்ஜின் கூலி 25,000. பிரேக் சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் போட 9,000. டேங்க் சுத்தம், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் 11,000. ஒயரிங் 28,000. டயர் நாலு 22,000. பேட்டரி 6,000. ஆக, ரோட்டுல ஓட வைக்க 1,60,500. டிங்கரிங், பெயின்ட் மட்டும் தனியா 1,80,000. மொத்தம் 3,40,500.

போன வருஷம் என்னோட மாஸி 1035-க்கு இன்ஜின் வேலை முழுசாப் பார்த்தேன். மூணு சிலிண்டருக்கும் கிட், கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 48,000. கிட் வாங்க தாம்பரம் போய் வர ரெண்டு மணி நேரம், அதுல பாதி முடிச்சூர் ரோடு டிராஃபிக்.

அந்த 1035 யாரு தெரியுமா? ஃபெர்குசன் 1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்ததால் வந்த பேர்தான் மாஸி ஃபெர்குசன். சாம்பல் டிராக்டருக்குப் பின் வந்தது 35 மாடல். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே அதையே இங்கே செய்தது, இன்ஜின் மட்டும் சிம்சன். ஒரே குடும்பத்துல ஒரு கிளை செம்பியத்துக்கு வந்து டிராக்டர் ஆச்சு, இன்னொரு கிளை பெருங்களத்தூருக்கு வந்து கார் ஆச்சு. கழனிக்கு வந்த கிளைக்கு இன்னைக்கும் பெட்டிக்கடை மாதிரி ஊருக்கு ஊர் சாமான் கடை இருக்கு. ராஜா உடை போட்ட கிளைக்கு ஒரு கேஸ்கெட் கிடைக்கல. டிராக்டர் காரை விட உசந்ததுன்னு நான் சொல்ல வரல. ஒரு இயந்திரத்தோட ஆயுசை அதோட பளபளப்பு தீர்மானிக்கறதில்ல, அதை ரிப்பேர் செய்யத் தெரிஞ்ச ஆளும் சாமானும் எவ்வளவு தூரத்துல இருக்குங்கறதுதான் தீர்மானிக்குது. மறைமலைநகர்ல ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு சொன்னப்ப, எங்க ஊர்ல அந்தக் கார் வெச்சிருந்தவங்க முதல்ல கேட்ட கேள்வி, "சாமான் கிடைக்குமா?" ஸ்டாண்டர்டு பார்த்த ஊருக்கு அந்தப் பயம் புதுசில்ல.

சட்டத்துலயும் இந்த வண்டிக்கு இடமில்ல. 2021-ல் வந்த விதிப்படி 50 வயசு ஆனாத்தான் பாரம்பரிய வாகனம். இதுக்கு 2036 ஆகணும். அது வரைக்கும் இது வெறும் பழைய கார்.

பெரியம்மாகிட்ட கணக்கைக் காட்டினேன். அவங்க கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. "பெயின்ட் வேணாம். ரோட்டுலயும் ஓட வேணாம். இவர் இருந்தப்ப ராத்திரி இந்த வண்டி சத்தம் மில்லு திரும்பறப்பவே கேக்கும், நான் அப்பதான் சோத்தைச் சூடு பண்ணுவேன். அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டாப் போதும்பா."

அதனால இன்ஜின் மட்டும்னு முடிவாச்சு. ரேடியேட்டர், லைனர், கேஸ்கெட், லேத், பெட்ரோல் குழாய், பேட்டரி. கூலி வேணாம்னுட்டார் சித்தப்பா. 76,500 ஆகுது. மில்லோட பழைய ஹல்லரையும் மோட்டாரையும் வித்த காசு அதுக்குச் சரியா இருக்கும்னு மகனும் ஒத்துக்கிட்டான். குடோனுக்கு இடம் வேணுங்கறதால வண்டியை எங்க வீட்டு டிராக்டர் கொட்டாய்க்கு இழுத்துட்டு வந்துட்டோம். இழுத்தது 1035. இப்ப ரெண்டும் ஒரே கொட்டாயில நிக்குது.

நேத்து சாயங்காலம் சித்தப்பா ரெண்டுக்கும் நடுவுல ஸ்டூலைப் போட்டு உக்கார்ந்து, தம்பி மகனுக்கு லைனர் உயரம் அளக்கறது எப்படின்னு சொல்லிக்கிட்டிருந்தார். அவனுக்கு வயசு பதினாறு, ஐ.டி.ஐ. போகலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கான்.

உங்க யார்கிட்டயாவது இந்த வண்டியோட அடி கேஸ்கெட் பழசு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, மாதிரிக்குத்தான், திருப்பிக் கொடுத்துடறேன். இன்ஜின் ஓடினா அன்னைக்கே எழுதறேன். சொர்ணவாரிக்கு நாத்து விடற வேலை திங்கக்கிழமை ஆரம்பம், அதுக்குள்ள லைனர் வந்துடும்னு லேத்துக்காரர் சொல்லியிருக்கார்.